மலைக்குள்ளே என்ன இருக்கு? வாங்க, எட்டிப் பார்ப்போம்!

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. இந்தப் பெயரைக் கேட்டதுமே பாதிப் பேர் அடுத்த பக்கத்தைப் புரட்டப் போவது தெரியும். கொஞ்சம் பொறுங்கள்! அந்தத் தடித்த புத்தகத்தின் பின்னால் நடக்கிற வேலைகளைக் கேட்டால் நீங்களும் என்னைப்போல் துள்ளத்தான் போகிறீர்கள். நடுநிசியில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கித் தவளை எண்ணுகிறார்கள். கிணற்றுக்குள் நாடாவை விட்டு 'பீப்' என்ற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மலைக்கு மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கிறார்கள், உண்மையாகவே! ஓர் அணையோ சுரங்கமோ பெரிய ஹோட்டலோ வருவதற்கு முன்னால் ஊரையும் மலையையும் தண்ணீரையும் தலைகீழாகப் புரட்டிப் பார்க்கிற துப்பறியும் வேலை இது. பதுளை மாவட்டத்தைவிட இதைச் சொல்ல ஏற்ற இடம் இலங்கையில் இல்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

சட்டக் கதையை விரைவாக முடித்துவிடலாம். ஒரு திட்டத்தைத் தொடங்குமுன் அதன் பாதிப்பை எழுதிக் காட்டவேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1970 ஜனவரி 1இல் கையெழுத்தானது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் வந்தது. 1988இல் செய்த திருத்தம் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எந்தெந்தத் திட்டங்களுக்கு என்ற பட்டியல் 1993 ஜூன் மாத வர்த்தமானியில் வெளியானது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஹப்புத்தளையிலிருந்து பதுளைக்கு ரயிலில் போய்ப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே பார்வை மாறிப்போகும். 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையம், 99 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டல், ஒரு ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுவது, 100 குடும்பங்களுக்கு மேல் குடிபெயர்ப்பது எல்லாமே பட்டியலில் உண்டு. மண்ணரிப்பு, மண்சரிவு அபாயமுள்ள நிலம் என்றால் விதி இன்னும் இறுகும். ஊவா மலையில் எங்கே கால்வைத்தாலும் அப்படிப்பட்ட நிலம்தானே!

சரி, உள்ளே போகலாம்.

முதல் அறையில் மண்ணும் இல்லை, தவளையும் இல்லை. மேசையும் நாற்காலியும்தான். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. என்னென்ன பார்க்கவேண்டும் என்ற எல்லையை இங்கேதான் வரைகிறார்கள். திட்டத்தை அங்கீகரிக்கும் நிறுவனம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, வனத் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், பிரதேச செயலகம் என்று பலர் உட்கார்ந்து ஆய்வுக்கான கேள்விகளை எழுதுவார்கள். இந்தத் தாளில் 'கிணறு' என்ற சொல் விழுந்தால் யாராவது கிணற்றைப் போய் அளப்பார்கள். விழாவிட்டால் அளக்கமாட்டார்கள். ஒரு மலையின் அடுத்த நூறு ஆண்டு ஒரு தாளிலுள்ள நான்கு வரியில் தொங்குகிறது. ஆய்வுக் குழுவுக்குச் சம்பளம் கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருபவரே என்பதையும் நினைவில் வையுங்கள். உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் இதுதான் ஏற்பாடு. அதனால்தான் அந்த நான்கு வரி இறுக்கமாக இருக்கவேண்டும்.

இப்போது காலுறை, அட்டைக்கடிக்கு மருந்து, மழைக்கோட்டு எல்லாம் தயாரா? வெளியே இறங்குகிறோம்!

உயிரின ஆய்வாளர்கள் தேயிலை மலைக்கும் காட்டுக்கும் நடுவே நேர்கோடு பிடித்து நடந்து, இருபக்கமும் கண்ணில் பட்டதையெல்லாம் குறிப்பார்கள். சிறு சதுரங்களாகக் கயிறு கட்டி, அதற்குள் முளைத்த ஒவ்வொரு செடியையும் பெயர் சொல்லி எண்ணுவார்கள். மரத்தில் கட்டிய கமரா இரவில் தானாகப் படமெடுக்கும். விடியக்காலையில் அதைத் திறந்து பார்த்தால், முதல்நாள் கொழுந்து பறித்த நிரையிலேயே சிறுத்தை நடந்து போயிருக்கலாம். ஓடையில் வலை போட்டு மீன் பிடித்து, அளந்து, திரும்ப விடுவார்கள். ஆற்றை அணை கட்டித் திருப்பிய பிறகு, பழைய பாதையில் எவ்வளவு தண்ணீர் விட்டால் அந்த மீன் பிழைக்கும் என்று கணக்குப் போடவேண்டுமே. அந்தக் கணக்கின் முதல் எண், வலையில் துள்ளிய விரல்நீள மீனிடமிருந்து வருகிறது. இதைவிட அழகான கணக்கு வேறு உண்டா?

இருந்தாலும் நான் உங்களை இழுத்துவந்தது தண்ணீரைக் காட்டத்தான்.

ஊவாவின் தண்ணீருக்குத் தனிக் குணம். தென்மேற்குப் பருவமழையை மலையின் மறுபக்கம் வாங்கிக்கொள்ளும். ஆடி, ஆவணியில் இந்தப் பக்கம் வந்து சேர்வது ஈரம் இழந்த கச்சான் காற்று மட்டும். தேயிலைச் செடி வாடி வதங்கித் தாக்குப்பிடிக்கிற அந்த வாரங்களில்தான் ஊவாத் தேநீருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த வாசம் கொழுந்தில் ஏறுகிறது. உலகச் சந்தையில் அந்தப் பருவத்துக்கென்றே காத்திருப்பவர்கள் உண்டு. அதே வாரங்களில் லயத்துப் பீலியில் தண்ணீர் நூலாக இளைக்கும். குடங்கள் வரிசையாகக் காத்திருக்கும். ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் மார்கழி வரை அதே பீலி சத்தம்போட்டுக் கொட்டும். ஆகவே மார்கழியில் மட்டும் வந்துபோகும் ஆய்வுக் குழு நிறைந்த கிணற்றைப் பார்த்துவிட்டு நிறைந்த கிணறு என்றே எழுதும். ஆடியில் மட்டும் வந்தால் இன்னொரு ஊரை எழுதும். இரண்டு பருவத்திலும் வந்து, அதே கிணற்றில் அதே நாடாவை இறக்கினால்தான் அந்தக் கிணற்றின் கதை முழுதாகக் கிடைக்கும்.

அந்த நாடா இருக்கிறதே, அது அற்புதமான சாமான்! அளவு குறித்த நீள நாடா, நுனியில் ஓர் உலோக முனை, மேலே ஒரு சிறு பெட்டி. கிணற்றுக்குள் விட்டுக்கொண்டே போகவேண்டும். முனை தண்ணீரைத் தொட்ட கணம் பெட்டி 'பீப்' என்று கத்தும். நாடாவில் எண்ணைப் படித்து, நாளும் நேரமும் சேர்த்து நோட்டில் எழுதினால் முடிந்தது. பூமிக்கடியிலிருந்து மலையே பதில் சொன்னதுபோல் இருக்கும்.

மலைக்கு மின்சாரம் பாய்ச்சுவது அடுத்த வேடிக்கை. இரும்பு முளைகளைத் தரையில் வரிசையாக அடித்து, இரண்டில் மின்னோட்டம் கொடுத்து, மற்ற இரண்டில் அழுத்தத்தை அளக்கிறார்கள். காய்ந்த பாறை மின்சாரத்தை மறிக்கும். ஈரமான வெடிப்பு விட்டுவிடும். முளைகளின் இடைவெளியைக் கூட்டக்கூட இன்னும் ஆழம் தெரியும். தோண்டாமலே, மலைக்குள் தண்ணீர் எங்கே குடியிருக்கிறது என்று படம் வரைந்துவிடலாம். அப்புறம் துளைபோட்டுப் பாறையை நீள உருளையாக வெளியே எடுத்து, மரப்பெட்டியில் ஆழ வரிசைப்படி அடுக்குவார்கள். அதே துளைக்குள் அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்தி, பாறை எவ்வளவு குடிக்கிறது என்று பார்ப்பார்கள். சுவிட்சர்லாந்தின் புவியியலாளர் மொரிஸ் லூஜியோன் வகுத்த முறை என்பதால் அலகுக்கும் லூஜியோன் என்றே பெயர். 10 பார் அழுத்தத்தில் ஒரு மீட்டர் துளை நிமிடத்துக்கு ஒரு லீட்டர் குடித்தால் ஒரு லூஜியோன். ஒரு வெடிப்பில் பச்சைச் சாயத்தைக் கரைத்துவிட்டு, அது எந்த ஊற்றில் எட்டிப்பார்க்கிறது என்று கீழே காத்திருப்பதும் உண்டு!

பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்துப் பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெந்து மடிந்த பழம்பாறை. குவார்ட்சைட், சலவைக்கல், நைஸ் என்று பல வகை அடுக்கடுக்காய்க் கிடக்கிறது. பாறை தனியே தண்ணீரைப் பிடித்துவைக்காது. வெடிப்புகளும் பிளவுகளும்தான் பிடித்துவைக்கின்றன. அந்த வெடிப்புகள் மேலேயுள்ள கிணற்றையும் ஊற்றையும் பல நூறு மீட்டர் கீழேயுள்ள ஆழத்தோடு இணைக்கக்கூடும். எந்த வெடிப்பு எதனோடு சேர்கிறது என்பதுதான் இந்தத் துப்பறியும் கதையின் மையக் கேள்வி.

அந்தக் கேள்வி உமா ஓயாவில் எப்படி வெடித்தது என்று பார்ப்போம்.

உமா ஓயா வெலிமடைப் பக்கமாக ஓடி மகாவலியில் சேரும் ஆறு. அதன் தண்ணீரில் ஒரு பங்கைத் தெற்கே கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பினால் வறண்ட வெல்லவாய, மொனராகலைப் பகுதிக்குப் பாசனமும் வரும், இடையிலுள்ள பெரும் உயர வேறுபாட்டில் மின்சாரமும் எடுக்கலாம் என்ற எண்ணம் பல பத்தாண்டுகளாகவே இருந்தது. கனவு பெரியதுதான், மறுக்கமாட்டேன். புகுல்பொலவில் ஓர் அணை, டயரபாவில் ஓர் அணை, இரண்டையும் இணைக்க ஒரு சுரங்கம். டயரபாவிலிருந்து மலையைக் குடைந்து சுமார் 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். அதன் முடிவில் 600 மீட்டருக்கும் அதிகமான செங்குத்துக் குழி. அடியில் பாறைக்குள்ளேயே ரந்தெனிய மின்நிலையம், 120 மெகாவாட். ஈரானின் ஃபராப் நிறுவனம் கட்டியது.

2008 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி அஹமதிநெஜாத் வந்திருந்தபோது வேலை ஆரம்பிக்கப்பட்டது. சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கைக்கு அங்கீகாரம் கிடைத்தது 2011இல். இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டுக் கேட்கிற கேள்விக்கு யார் துணிந்து 'இல்லை' என்று பதில் எழுதுவார்கள்? நிலத்தடி நீரைப் பற்றிய ஆய்வு போதவில்லை என்பது சுற்றாடல் அமைப்புகள் முன்வைத்த முக்கியமான குறை. அத்தனை ஆழத்தில் போகும் சுரங்கத்தின் பாதை முழுவதும் துளைபோட்டுப் பார்ப்பது பெரும் செலவு என்பதும் உண்மைதான்.

துளைப்பு இயந்திரம் முன்னே பாறையை அரைத்துக்கொண்டு போகும். பின்னாலேயே கொங்கிரீட் வளையங்களை அடுக்கிச் சுவர் கட்டும். 2014 டிசம்பரில் அது தண்ணீர் நிறைந்த பிளவுகளைத் தொட்டது. சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்தது. மேலே, பண்டாரவளையைச் சுற்றியுள்ள ஊர்களில், மக்குல்எல்லவிலும் ஹீல்ஓயாவிலும், கிணறுகளில் நீர் இறங்கியது. ஊற்றுகள் நின்றன. சுவர்களில் வெடிப்பு ஓடியது. 2017 ஏப்ரலில் மறுபடியும் பெரும் கசிவு. ஆயிரக்கணக்கான வீடுகள் பாதிக்கப்பட்டன. பவுசரில் தண்ணீர் வந்தது. பீலியில் குளித்து வளர்ந்த ஊர் பிளாஸ்டிக் தாங்கிக்கு முன்னால் வரிசையில் நின்றது. அந்த ஆண்டு ஜூன் மாதம் பண்டாரவளையில் கடைகள் அடைக்கப்பட்டன, மக்கள் தெருவில் இறங்கினார்கள். அரசாங்கம் நார்வே நாட்டு நிபுணர்களின் உதவியைக் கேட்டது.

ஏன் நார்வே? ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ரொமெரிக்ஸ்போர்ட்டன் என்ற ரயில் சுரங்கத்தைத் தோண்டியபோது 1990களில் இதே கதை அங்கேயும் நடந்தது. மேலே காட்டிலிருந்த குளத்தின் நீர்மட்டம் சடாரென்று இறங்கியது, வீடுகள் தாழ்ந்தன. பக்கத்து நாடான ஸ்வீடனில் ஹாலன்ட்சோஸ் மலைத்தொடரில் 1992இல் தொடங்கிய சுரங்கமும் நிலத்தடி நீரை உறிஞ்சிக் கிணறுகளை வற்றவைத்தது. கசிவை அடைக்கப் போட்ட இரசாயனம் 1997இல் ஓடையில் கலந்து மாடுகளைச் சாய்த்தது. அந்தச் சுரங்கம் முடிந்தது 2015இல்! பணமும் கருவியும் குவிந்த நாடுகளும் பாறைக்குள்ளிருக்கும் நீரிடம் தடுக்கி விழுந்திருக்கின்றன. விழுந்தபிறகு அவர்கள் கற்ற ஒரு வேலை, இயந்திரத்துக்கு முன்னால் நீள்துளை போட்டுப் பார்த்து, தண்ணீர் தென்பட்டால் சீமெந்துக் குழம்பை முன்கூட்டியே ஏற்றி அடைத்துவிட்டு, அப்புறம் குடைவது. இன்னொரு வேலை, மேலேயுள்ள ஒவ்வொரு கிணற்றையும் முதல் நாளிலிருந்தே அளந்துகொண்டே இருப்பது.

உமா ஓயாத் திட்டம் 2024 ஏப்ரல் 24ஆம் திகதி, அப்போதைய ஈரான் ஜனாதிபதி ரையீசியும் இலங்கை ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்கவும் கலந்துகொண்ட விழாவில் திறந்துவைக்கப்பட்டது. மின்சாரம் வருகிறது. அது நல்லதுதான். ஆனால் கிணறு வற்றிய ஒருவர் நட்டஈடு கேட்டுப் போனால் முதல் கேள்வி என்ன? 'முன்பு எவ்வளவு தண்ணீர் இருந்தது?' சுவர் வெடித்தவரிடம், 'இது பழைய வெடிப்பா, புதியதா?' அங்கேதான் அந்த 'பீப்' நாடாவும், ஒவ்வொரு சுவரையும் வேலைக்கு முன்னால் எடுத்துவைக்கும் படமும், வெடிப்பின் குறுக்கே ஒட்டும் சிறு கண்ணாடித் துண்டும் பேசவேண்டும். வெடிப்பு விரிந்தால் கண்ணாடி உடையும், அதை யாராலும் மறுக்கமுடியாது. எழுதிவைக்காத கிணற்றுக்கு இந்தச் சாட்சி எதுவுமே இல்லை.

இப்போது தோட்டத்துக்குள் போவோம். இங்கே விஷயம் இன்னும் சிக்கல். ஆய்வுக் குழு கிராமத்துக்குப் போனால் வீட்டுக்காரர், காணிக்காரர், கிணற்றுக்காரர் என்று ஆளைப் பிடித்துக் கேட்கலாம். தோட்டத்தில் காம்பரா குடியிருப்பவருடையது இல்லை. நிலம் அரசாங்கத்தினது. 1992இலிருந்து நடத்துவது பெருந்தோட்டக் கம்பனிகள். பீலி எல்லோருடையது, அதனால் காகிதத்தில் யாருடையதும் இல்லை. தோட்டங்களுக்குள் பிரதேச சபை வேலைசெய்யவே 2018இல் சட்டத்தைத் திருத்தவேண்டியிருந்தது. ஒரு திட்டத்தால் யாரார் பாதிக்கப்படுவார்கள் என்ற பட்டியலைக் காணி உறுதியை வைத்து எழுதினால், ஐந்து தலைமுறையாக அந்த மலையில் கொழுந்து பறித்த குடும்பம் விடுபட்டுப்போகும். குடும்பத்தை வைத்தும், குடிக்கும் தண்ணீரை வைத்தும் எழுதவேண்டும். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

சொல்லப்போனால், தோட்டத்துப் பெண்களைவிட நல்ல நீரியல் ஆய்வாளர் எங்கே கிடைப்பார்? 'அம்மா, இந்தப் பீலி கச்சான்ல எப்படி ஓடும்?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். எந்த மாதத்தில் குடம் நிரம்ப எவ்வளவு நேரம், எந்த வருஷம் நின்றே போனது, எந்த மலையில் மரம் வெட்டிய பிறகு கலங்கலாய் வந்தது என்று கையை நீட்டி நீட்டிக் காட்டுவார்கள். பிறந்ததிலிருந்து தண்ணீர் சுமந்தவர்களின் உடம்பிலேயே அந்தப் பதிவேடு இருக்கிறது. அதை அறிக்கையில் ஓர் அட்டவணையாக ஏற்றிவிடுவது எத்தனை சுலபம்!

மண்சரிவைப் பற்றிப் பேசாமல் ஊவாவை விட்டுப் போகமுடியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடம் போடத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும். அந்த வரைபடத்தைப் பார்த்தால் கண்ணை எடுக்கமுடியாது. சரிவின் கோணம், பாறை, மண்ணின் தடிமன், ஓடை, பயிர் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நிறம் தீட்டியிருக்கிறார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறவேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தவில் 2005இலும் 2011இலும் இடம்பெயரச் சொல்லியிருந்தார்கள். மாற்று நிலமும் வீடும் இல்லாமல் மக்கள் எங்கே போவார்கள்? 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். திரும்பிவந்த சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. ஆகவே ஊவாவில் பாதை வெட்டுவதோ ஹோட்டல் கட்டுவதோ எதுவாக இருந்தாலும், அந்த வண்ண வரைபடத்தை மேசையில் விரித்துவைத்த பிறகே பேச்சைத் தொடங்கவேண்டும். வெட்டுகிற கரைக்கு மேலே லயம் இருக்கிறதா, மழைநீர்க் கான் எங்கே போய் விழுகிறது என்று பார்க்கவேண்டும்.

கடைசி அறைக்கு வந்துவிட்டோம். இது உங்களுடைய அறை!

அறிக்கை முடிந்ததும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். அறிக்கையைப் பிரதேச செயலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு வைப்பார்கள். 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் எழுதலாம். காணி உறுதி வேண்டாம், பட்டம் வேண்டாம். சிறிய திட்டங்களுக்குச் செய்யும் ஆரம்பப் பரிசோதனையில் மட்டும் இப்படி மக்கள் கருத்துக் கேட்பது 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கட்டாயம் இல்லை. அந்தக் கதவையும் திறந்துவிடவேண்டும் என்பது என் ஆசை. அங்கீகாரம் மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யத் திட்டக்காரருக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அங்கீகாரம் கிடைத்துவிட்டால் ஊர்க்காரருக்கு மிஞ்சுவது நீதிமன்றப் படி. ஆகவே அந்த 30 நாள் பொன்னான நாட்கள்.

என்ன எழுதுவது என்று தயங்கவேண்டாம். 10 லீட்டர் வாளி ஒன்றும் கைபேசியிலுள்ள கடிகாரமும் போதும். பீலிக்கடியில் வாளியை வைத்து நிரம்ப எத்தனை செக்கன் என்று பாருங்கள். 25 செக்கன் என்றால் செக்கனுக்கு 0.4 லீட்டர், நாளொன்றுக்கு 34,560 லீட்டர். ஆடியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை. நோட்டில் திகதி, தோட்டத்தின் பெயர், டிவிஷன், பீலியை நம்பியிருக்கும் குடும்பங்கள் எத்தனை, பக்கத்தில் பீலியின் படம். சுவரில் வெடிப்பு இருந்தால் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து இன்னொரு படம். அறிவித்தல் வந்த அன்றே, திட்டம் எங்கள் பீலிக்கு மேலே எவ்வளவு தூரத்தில் போகிறது, தண்ணீர் நின்றால் யார் எத்தனை நாளுக்குள் என்ன தருவார் என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்துத் தமிழிலேயே எழுதி, அறிவித்தலில் கொடுத்திருக்கும் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வந்த கருத்துகளைத் திட்டக்காரருக்கு அனுப்பவேண்டும் என்பது விதி. அவர் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் தரவேண்டும், பீலியைப் பற்றிய உங்கள் வரிக்கும் சேர்த்து.